நல்ல இடமாப் பார்த்து நில்லுங்க, மேடம்!

இந்த மாதிரிக் கதைகள் ஒரு பிணத்தோடு தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

பிணம் இன்னும் தயாராகவில்லை. வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போதைக்குக் கைவசம் இருப்பது ஒரு போன்.

அது அலறியது!

அலறிய நேரத்தில் நம் துப்பறிவாளர் மேஜைக்கு அடியில் இருந்தார். எதிரியின் துப்பாக்கிக்குப் பயந்து பதுங்கவில்லை. கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்றைக் காணவில்லை. தேடக் குனிந்த இடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய முழங்கால்... குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது.

"என்னங்க... போன் அடிக்குது," என்று முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

"ஒரு செருப்பைக் காணோம்."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"கால்லதான் இருக்கு."

இருந்தது.

அவருடைய துப்பறியும் நிறுவனம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இயங்கியது. ஒரு காலத்தில் அது எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது. செல்போனில் சிக்னல் எட்டிப் பார்க்காது. முன்பக்கம் ரிசப்ஷனில் மனைவி உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பாள். அவள் முகத்துக்காகத்தான் டாக்டர் அந்த அறையை விட்டுக் கொடுத்திருந்தார்.

நிறுவனத்தின் சாதனைகளைக் கேட்காதீர்கள். போன வருடம் ஓர் ஆளைப் பின்தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தார். மழையில் நனைந்து, டாக்ஸியில் துரத்தி, ஒரு சலூன் வாசலில் கால் கடுக்க நின்று... சாயங்காலம்தான் தெரிந்தது. பின்தொடர்ந்தது கேஸ் கொடுத்தவரையே.

இப்படிப்பட்ட ஆளை நான் எதற்காக இந்தக் கதைக்குக் கதாநாயகனாகப் போட்டேன் என்று கேட்பீர்கள். நல்ல துப்பறிவாளர்கள் எல்லாம் பெரிய எழுத்தாளர்களிடம் போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவர்தான்.

போனை எடுத்தார்.

மறுமுனையில் ஒரு இசைக்குழுவின் மேனேஜர். குரலில் பதற்றம். வரும் சனிக்கிழமை பிற்பகல், ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் இசைத் திருவிழா. அவருடைய ராக் குழுவும் பாடுகிறது. நேற்று பாடகிக்கு ஒரு போன் வந்ததாம். குரலை மாற்றிப் பேசிய எவனோ ஒருவன், 'கடைசிப் பாட்டை நீ முடிக்க மாட்டே... அதுக்கு முன்னாடி உன் மூச்சு முடிஞ்சிடும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

போலீஸில் சொன்னாரா என்று கேட்டார் துப்பறிவாளர். சொன்னாராம். இந்த மாதிரி போன் பிரபலங்களுக்கு வாரம் ஒன்று வருகிறது, எதற்கும் ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம்.

"எனக்கு அது போதாது சார். நீங்க வரணும்."

"என்னை எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"ஊர்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நாலு பேரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க."

துப்பறிவாளரின் நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அதைத் தேட அவர் மறுபடி குனியவில்லை. அனுபவம்.

பாடகியின் பெயரைக் கேட்டதும் மனைவி கையிலிருந்த அப்பாயின்ட்மென்ட் கார்டுகளைக் கீழே போட்டுவிட்டாள். நோயாளிகள் இல்லாத நேரமெல்லாம் போனில் அந்தப் பாடகியின் வீடியோ பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

"பாஸ் ரெண்டா கேளுங்க," என்றாள்.

"கொலை கேஸுக்குப் போறேன்."

"நானும் அதுக்குத்தான் வரேன்."

* * *

சனிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது.

மைதானம் முழுக்கத் தலைகள். அந்தக் கோடியில் வீடு உயரத்துக்கு மேடை. மேடையின் இரண்டு பக்கமும் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து, வாழைச் சீப்பு போல உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். முந்தைய குழு பாடிக்கொண்டிருந்தது. பாட்டு காதில் கேட்கவில்லை. விலா எலும்பில் கேட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற ஷூ. இரண்டு காதிலும் பஞ்சு. தம்பதியின் கையில் பாஸ் பட்டையைக் கட்டிவிட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்துக்கு அழைத்துப் போனார்.

பாடகி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீடியோவில் மலையாகத் தெரிகிறவள், நேரில் ஒல்லியாக இருந்தாள்.

கடைசிப் பாட்டை மட்டும் விட்டுவிடலாமே என்று துப்பறிவாளர் யோசனை சொன்னார். பயந்துபோய்ச் சொன்னதுதான், ஆனால் நல்ல யோசனை.

"முடியாது சார். ஆறு வருஷமா அந்தப் பாட்டைப் பாடாம நான் மேடையை விட்டு இறங்கினதில்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா எவனோ ஒருத்தன் போன் பண்ணிட்டான்னு பாட்டை விட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

கடைசிப் பாட்டு எப்படி என்பதையும் அவளே சொன்னாள். குழு முழுவதும் மேடை நடுவில் நின்று வாசிக்கும். அவள் மட்டும் மேடையின் இடது ஓரத்துக்கு வருவாள். அங்கே ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து, முன்வரிசைக்குப் பக்கத்தில் இருந்து பாடுவாள். ரசிகர்கள் அதற்காகவே காலையிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"இந்தக் குழுவோட இதான் கடைசி ஷோ. அடுத்த மாசத்துல இருந்து நான் தனியாப் பாடப்போறேன்," என்றாள் பாடகி. "மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். பாவம், நல்லபடியா எடுத்துக்கிட்டாரு."

மேனேஜர் தலை குனிந்து சிரித்தார்.

வெளியே வந்ததும், யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று துப்பறிவாளர் கேட்டார். சந்தேகமே இல்லையாம்... ஆள் நிச்சயமாம். குழுவில் முன்பு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஒருவன். தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சண்டை போட்டு வெளியே போனவன். திருவிழாவுக்கு டிக்கெட் வாங்கியிருப்பதாகக் கேள்வி.

பிறகு மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார்.

"மேடம் எங்க நின்னு பாக்கப் போறீங்க?"

"எங்க நின்னா நல்லா இருக்கும்?"

"நல்ல இடமாப் பார்த்து நில்லுங்க, மேடம். இடது பக்கம், முன்கம்பியோரம். நானே உங்களை அங்க விடச் சொல்றேன். கடைசிப் பாட்டுல கையை நீட்டினா அவங்க கையைத் தொடலாம்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒருவர் முன்வரிசை இடம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. போகும்போதே கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

* * *

துப்பறிவாளர் மைதானத்தை ஆராய்ந்தார்.

எல்லோரையும் கவனிக்கக்கூடிய ஓர் இடத்தில் தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். முன்வரிசை? ஆயிரம் முழங்கைகள். நடுவில்? எங்கே நின்றாலும் முன்னால் ஒரு நெட்டையன் வந்து முளைத்தான். பின்னால் இருந்த மேட்டில்? ஏற வேண்டும். முழங்கால் ஏற்கெனவே மறுத்துவிட்டது.

மைதானத்தின் நடுவே ஒரு கூடாரம் தெரிந்தது. சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்து ஒலியைச் சரிசெய்கிற இடம். நிழல் இருந்தது. மின்விசிறி இருந்தது. இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

கொலையாளியைக் கண்காணிக்க இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு அவசரம். கக்கூஸ் இருக்கும் கோடிக்கு நடந்தார்.

அங்கேதான் அவனைப் பார்த்தார்!

வரிசையாக நின்ற பிளாஸ்டிக் கக்கூஸ்களுக்குப் பின்னால், வேலியில் சாய்ந்து ஒருவன் நின்றான். தொப்பி. கறுப்புக் கண்ணாடி. தாடி. மேடை இங்கிருந்து தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. பாட்டுக்கும் நாற்றத்துக்கும் நடுவே, நாற்றம்தான் முதலில் வந்து சேர்ந்தது.

துப்பறிவாளரின் மூளை வேலை செய்தது. இந்தக் கதையில் அது வேலை செய்யும் இரண்டு இடங்களில் இது முதலாவது. கவனமாகப் படியுங்கள்.

டிக்கெட் வாங்கி வந்தவன் எவனாவது இந்த இடத்தில் நின்று பாட்டுக் கேட்பானா? மாட்டான். அப்படியானால் இவன் பாட்டுக் கேட்க வரவில்லை. பாட்டுக் கேட்க வராதவன் எதற்கு வருவான்?

கொலை செய்ய!

பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் வேலியில் மோதிக்கொண்டார். தாடிதான் அவரைப் பிடித்து நிமிர்த்தினான். நிமிர்த்திய கையையே இவர் பிடித்துக்கொண்டார். பையைச் சோதித்தால்... உள்ளே ஒரு கம்பி வெட்டுகிற கட்டர்!

"இது எதுக்கு?"

"கிட்டார் கம்பி வெட்ட சார். எப்பவும் பையிலயே கிடக்கும்."

"கிட்டாரைக் காணோமே?"

தாடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்து, முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அந்தக் கடைசிப் பாட்டு நான் போட்டது சார். அதைக் கேக்காம என்னால இருக்க முடியல. முன்னாடி போய் நின்னா அவ பாத்துருவா. அழுதா யாரும் கவனிக்காத இடம் இது ஒண்ணுதான். அதான் இங்க நிக்கிறேன்."

இதைக் கேட்டு யாருக்கும் மனம் இளகும். நம்மவருக்கு இளகவில்லை. கொலையாளிகள் நன்றாக நடிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தார். என் கதையிலாகத்தான் இருக்கும்.

மேனேஜருக்குப் போன் போட்டார். வந்தார். இரண்டு பேருமாகத் தாடியை மேடைக்குப் பின்னால் நின்ற சாமான் வண்டிக்குள் தள்ளிப் பூட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் போலீஸில் ஒப்படைத்துக்கொள்ளலாம், இப்போது சொன்னால் கூட்டம் கலவரமாகும் என்றார் மேனேஜர். துப்பறிவாளரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"உங்களைப் பத்திச் சொன்னது அப்படியே சரியா இருக்கு சார்."

கேஸ் முடிந்தது!

* * *

கேஸ் முடிந்த மனிதர் சவுண்ட் கூடாரத்துக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தார். கையில் பெரிய டம்ளரில் எலுமிச்சை ஜூஸ். இங்கே குடிக்கிற பொருள் எதுவும் கூடாது என்று சவுண்ட் இன்ஜினியர் பலகையைக் காட்டினார். துப்பறிவாளர் தலையை ஆட்டிவிட்டு, ஜூஸை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பார்க்கும்போது ஒரு வாய், இந்தப் பக்கம் பார்க்கும்போது ஒரு வாய்.

பாடகி மேடைக்கு வந்தாள். மைதானம் கூவியது.

தனியாக உட்கார்ந்திருப்பது அவருக்குப் போரடித்தது. தான் ஜெயித்த கதையைக் கேட்க யாராவது வேண்டுமே. ஒரு பாட்டு முடிந்து சத்தம் அடங்கிய இடைவெளியில் மனைவிக்குப் போன் போட்டார்.

"இங்க வா. நாற்காலி இருக்கு."

"வர மாட்டேன். கம்பியைப் பிடிச்சிட்டேன். அவங்க ஒரு தடவை என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

"எனக்கு மயக்கமா வருது..."

பச்சைப் பொய். ஆனால் மனைவிகள் இந்தப் பொய்யை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பாமல் நிஜமாகிவிட்டால்? கம்பியை விட்டாள். அவள் நகர்ந்த இடைவெளி, கண் மூடித் திறப்பதற்குள் அடைபட்டுப் போனது. கூட்டத்தை இடித்துக்கொண்டு, செருப்பு வாரை அறுத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள்.

கணவர் காலை நீட்டி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா கூப்பிட்டீங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூடாரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வயது. கழுத்தில் சிவப்பு ஹெட்போன்.

அந்த ஹெட்போனை மனைவிக்குத் தெரியும். எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறாள்! கடைசிப் பாட்டு வரும்போதெல்லாம் மேடையின் இடது ஓரத்தில், ஸ்டூலுக்குப் பின்னால், இந்தச் சிவப்பு ஹெட்போன் நின்று ஆடிக்கொண்டிருக்கும். மேனேஜரின் ஒரே மகள்.

"நீ எப்பவும் மேடைமேலதானே நிப்ப? இங்க என்னம்மா பண்றே?"

"அதையேன் கேக்கறீங்க ஆன்ட்டி. இன்னைக்கு அப்பா விடல. இங்கதான் உக்காரணும், கடைசிப் பாட்டு முடியற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏனாம்?"

"இங்கதான் சவுண்ட் நல்லா இருக்குமாம். அப்பாவுக்கு சவுண்டைப் பத்தி என்ன தெரியும்? பாட்டு ஆரம்பிச்சா பஞ்சு வெச்சுக்கற ஆளு."

பெண் மறுபடி உம்மென்று ஆனாள்.

மனைவி அவளையே பார்த்தாள். பிறகு மேடையின் இடது ஓரத்தைப் பார்த்தாள்.

பல் மருத்துவமனையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே அவளுக்கு வருடங்கள் ஓடியிருந்தன. பயந்தவர்கள் கதவோரம் உட்காருவார்கள். துணைக்கு வந்தவர்கள் மின்விசிறிக்கு அடியில். பிள்ளையோடு வருகிறவர்கள், டிரில் சத்தம் எந்த மூலையில் குறைவாகக் கேட்கும் என்று தேடி அங்கே பிள்ளையை உட்கார வைப்பார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும் அல்லவா?



எழுந்து வந்து கணவர் தோளைப் பிடித்தாள்.

"எனக்கு நல்ல இடம்னு மேனேஜர் எதைச் சொன்னாரு?"

"இடது பக்கம் முன்கம்பி."

"பெத்த பொண்ணை எங்க உக்கார வெச்சிருக்காரு?"

துப்பறிவாளர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். மரியாதைக்காக உனக்கு நல்ல இடத்தைக் கொடுத்திருப்பார் என்று தொடங்கினார்.

"என்மேல இருக்கற மரியாதை அவர் பொண்ணுமேல இருக்காதா? தினமும் அவ நிக்கிற இடம் அது. இன்னைக்கு மட்டும் அங்க நிக்கக் கூடாது. ஏன்?"

மேடையில் பாட்டு முடிந்தது. அடுத்தது கடைசிப் பாட்டு!

துப்பறிவாளரின் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. வந்ததிலிருந்து அதில் எதுவும் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். மனைவி வாங்கி, மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

சவுண்ட் கூடாரத்தில் இருந்து பார்த்தால்தான் மேடையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் வித்தியாசமும் தெரிந்தது. வலது பக்க ஸ்பீக்கர் கொத்தை ஒரு சங்கிலியும், அது அறுந்தால் தாங்குவதற்கு ஒரு தடித்த எஃகுக் கயிறும் பிடித்திருந்தன. இடது பக்கம் எஃகுக் கயிற்றைக் காணோம். சங்கிலி மாட்டியிருந்த கொக்கியில், பூட்டுக்குப் பதில், இழுத்தால் உருவிக்கொள்ளும் ஓர் இரும்புப் பின் செருகியிருந்தது. பின்னில் இருந்து மெல்லிய நீலக் கயிறு ஒன்று கீழே இறங்கி... மேடையோரத் திரைக்குப் பின்னால் போய் முடிந்தது.

அங்கே ஒரு வெள்ளைச் சட்டை நின்றது!

"அவர்தாங்க!"

மேடையில் பாடகி ஸ்டூலை நோக்கி நடந்தாள்.

துப்பறிவாளரின் மூளை இரண்டாவது முறையாக வேலை செய்தது. மேடைக்குப் போன் போட முடியாது, யார் காதிலும் விழாது. ஓட முடியாது, நடுவில் ஒரு ஊரே நிற்கிறது. ஒன்றுதான் வழி. பாட்டு நின்றால் அவள் எழுந்துவிடுவாள்.

சவுண்ட் இன்ஜினியரின் காதுக் கருவியைப் பிடுங்கி, சத்தத்தை நிறுத்துங்கள், உயிர் போகிற விஷயம் என்று கத்தினார். இன்ஜினியர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஷோ நடுவுல சத்தத்தை நிறுத்தினா என் உயிர்தான் சார் போகும்."

காதுக் கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பாடகி உட்கார்ந்துவிட்டாள். முதல் வரி எழுந்தது.

இந்த இடத்தில் நம் கதாநாயகர், ஒரு கணமும் தாமதிக்காமல், எலுமிச்சை ஜூஸை எடுத்து ஒலிக் கருவியின்மேல் ஊற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

நடந்தது வேறு. மேடைக்கே ஓடிவிடுவது என்று முடிவு செய்து, ஜூஸை எதற்கோ கையில் எடுத்துக்கொண்டு, அவர் பாய்ந்தார். தரையில் கிடந்த கேபிள் காலைப் பிடித்தது. முழங்கால் தன் பங்கைச் செய்தது. டம்ளர் பறந்தது. அதன் பின்னாலேயே அவரும் பறந்து, நூறு பொத்தான்கள் மேல் குப்புற விழுந்தார்.

புஸ்ஸ்ஸ்...

மைதானம் ஊமையானது.

மேடையில் பாடகி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். எழுந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க, மேடை நடுவில் இருந்த டிரம்மரிடம் நடந்தாள். முன்கம்பியில் நின்ற ரசிகர்களும் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவள் போன பக்கமே நகர்ந்தார்கள்.

திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்கத் தைரியம் இல்லை. ஆறு வருடமாகத் தன் கண்ணெதிரே வளர்ந்தவள்... கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதில் பஞ்சு. பாட்டு நின்றது கேட்கவில்லை. பல்லைக் கடித்தார்.

இழுத்தார்!

இடது பக்க ஸ்பீக்கர் கொத்து முழுவதும் இறங்கியது. ஸ்டூல் அப்பளமாக நொறுங்கியது. பெட்டி ஒன்று எகிறிப்போய் முன்கம்பியில் மோதியது. மனைவி பிடித்துக்கொண்டு நின்ற அதே கம்பி, நடுவில் வளைந்து தரையைத் தொட்டது. அங்கே யாரும் இல்லை. ஒரு தொப்பி மட்டும் கிடந்து நசுங்கியது.



மைதானம் முழுவதும் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

மேனேஜர் கண்ணைத் திறந்தபோது, எதிரே பாடகி நின்றாள். அவர் கையில் நீலக் கயிறு. இரண்டு பக்கமும், மேடைக் காவலுக்கு வந்து சத்தம் கேட்டு ஓடிவந்த போலீஸ்.

* * *

மேடைக்குப் பின்னால், கூடாரத்தில், இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். பாடகி தனியாகப் போனால் மேனேஜர் கையில் மிஞ்சுவது பழைய பாட்டுகள் மட்டும்தான். உயிரோடு இருந்தால் வேறு ஒருவருக்காகப் பாடுவாள். செத்துப் போனால், கடைசி வரை அவருடைய பாடகியாகவே இருப்பாள், அந்தப் பாட்டுகளும் உலகம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு ஓடும். மிரட்டல் போனும் அவர் போட்டதுதான். டிடெக்டிவின் மனைவியையே அங்கே நிற்க வைத்தால் தன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவர் கணக்கு. பழியைப் போடத் தாடி தயாராக இருந்தான்; எஃகுக் கயிற்றை முன்கூட்டியே அறுத்து வைத்தான் என்று சொல்ல, அவன் பையில் கட்டரும் கிடைத்துவிட்டது.

தாடி!

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமான் வண்டிக்குள் இருந்து யாரோ வெகுநேரமாகத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

கதவைத் திறந்தது பாடகி. வேர்த்து வழிந்து வெளியே வந்தவனிடம் அவள் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு கிட்டாரை எடுத்து நீட்டினாள்.

"பாட்டு பாதியில நிக்குது. வா."

ஒலிக் கருவி ஜூஸில் ஊறிக் கிடந்தது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. வலது ஓரத்தில் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து, வெறும் குரலிலும் வெறும் கிட்டாரிலும் அந்தப் பாட்டைப் பாடி முடித்தார்கள். ஒரு ஊர் ஜனமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பின்னால் நின்றவர்களுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்டிருக்காது. ஆனாலும் ஒருவர் நகரவில்லை.

மனைவிக்கு மட்டும் எல்லாம் கேட்டது. பாடகி அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும் வரை அழுதுகொண்டே சிரித்தாள் அவள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. துப்பறிவாளர் நெஞ்சை நிமிர்த்தி, காலை நொண்டி நடந்தார். மனைவி அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றார். "கொலை பண்ணப்போறவன் எதுக்கு டிடெக்டிவைக் கூப்பிடணும்?"

"இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கேட்டாரு."

"என்ன சொன்னான்?"

மனைவி அறுந்த செருப்பைக் கைமாற்றிக்கொண்டாள்.

"பாதுகாப்புக்கு ஆள் வெச்சேன்னு நாளைக்குக் காட்டணும். ஆனா அந்த ஆளு எதையும் கண்டுபிடிச்சிடக் கூடாது. அதனால, ஊர்லயே எதையும் கண்டுபிடிக்கத் தெரியாத டிடெக்டிவ் யாருன்னு நாலு பேர்கிட்ட போன்ல விசாரிச்சானாம். நாலு பேரும் உங்க பேரைத்தான் சொன்னாங்களாம்."

துப்பறிவாளர் நின்றுவிட்டார். சட்டையின் இன்னொரு பொத்தானும் தளர்ந்தது.

"யாருடி அந்த நாலு பேரு?"

"மூணு பேரை எனக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் வேகமாக முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

தெருமுனை வரை யோசித்தார். கண்டுபிடித்தும் விட்டார்.

யாருடைய உதவியும் இல்லாமல், அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த முதல் குற்றவாளி!